சாங்ஷன்: அனுமதியா, தடையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கடன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் வாழ்த்துச் சொல்கிறோம். ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தார்கள் என்று செய்தியில் வந்தால் அந்த நாட்டுக்கு என்ன ஆகுமோ என்று நினைக்கிறோம். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல் என்பது பலருக்கும் தாமதமாகத்தான் உறைக்கிறது. உறைத்ததும் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஆங்கிலம் கற்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று பலரும் மாற்றி மாற்றிக் கேட்ட சந்தேகங்களை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

சாங்ஷன்னா அனுமதியா, தண்டனையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, அதுதான் சிக்கலே. இரண்டும் சரி. அதிகாரம் உள்ளவர் ஒன்றுக்கு முறைப்படி கொடுக்கும் ஒப்புதல் சாங்ஷன். விதியை மீறியவர் மீது அதிகாரம் உள்ளவர் எடுக்கும் தண்டனை நடவடிக்கையும் சாங்ஷன். பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். இரண்டிலும் இரு பொருளும் உண்டு.

இரண்டிலும் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அதிகாரம். அதிகாரம் இல்லாதவர் சாங்ஷன் கொடுக்கவும் முடியாது, விதிக்கவும் முடியாது. நண்பரிடம் பேனா இரவல் கேட்டு அவர் சரி என்றால் அது சாங்ஷன் ஆகாது. அவர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் பேச்சுவழக்கில் அதை யாரும் சாங்ஷன் என்று சொல்வதில்லை.

இதை எப்படி உச்சரிக்கணும்? சாங்ஷனா, சேங்ஷனா, சான்க்டியனா?

ஆங்கில உச்சரிப்பு 'சேங்க்ஷன்' என்பதற்கு நெருக்கமானது. 'பேங்க்' என்று சொல்லும்போது வருகிற அதே உயிரொலிதான், நீட்டாமல் குறுக்கிச் சொல்ல வேண்டும். அழுத்தம் முதல் அசையில். எழுத்துக்கூட்டல் எஸ், ஏ, என், சி, டி, ஐ, ஓ, என். தமிழில் சாங்ஷன் என்றே எழுதிப் பழகிவிட்டதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். 'சான்க்டியன்' என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

ஒரே வார்த்தைக்கு நேரெதிரா ரெண்டு அர்த்தம் எப்படி வந்துச்சு?

இலத்தீனில் 'சாங்கிரே' என்றொரு வினைச்சொல். ஒன்றைப் புனிதமாக்குவது, யாரும் மீறக்கூடாதபடி நிலைநிறுத்துவது என்று பொருள். ரோமானியச் சட்டங்களில் ஆணையோடு, மீறினால் என்ன நடக்கும் என்று சொல்லும் பகுதியும் வருவதுண்டு. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல் இதை அழகாக விளக்குகிறது. நகரத்தின் மதிற்சுவர்கள் மீறக்கூடாதவை, ஏனென்றால் அவற்றுக்கு ஊறு செய்தால் மரணதண்டனை. அதுபோலவே சட்டங்களில் மீறுவோருக்குத் தண்டனை சொல்லும் பகுதிகளையும் சாங்க்ஷன் என்கிறோம் என்கிறது அந்நூல்.

ஆக, மூலத்தில் இருந்தது ஒரே செயல்: அதிகாரத்தைக் கொண்டு ஒன்றை உறுதிப்படுத்துவது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபிறகு அது இரண்டாகக் கிளைத்தது. 'உறுதிப்படுத்துவது' என்ற பாதி வளர்ந்து ஒப்புதல் ஆயிற்று. 'மீறினால் தண்டனை' என்ற பாதி வளர்ந்து தடை ஆயிற்று. ஆணையும் அதன் முனையில் இருக்கும் தண்டனையும் பிரிந்து தனித்தனியாக வாழத் தொடங்கின, அவ்வளவுதான்.

தமிழருக்கு இது ஒன்றும் புதிதல்ல. 'விதித்தல்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நூல்கள் விதித்த கடமை என்றால் செய்ய வேண்டியது. நீதிமன்றம் விதித்த அபராதம் என்றால் செய்யக்கூடாததைச் செய்ததற்குக் கிடைத்தது. நாம் குழம்புவதே இல்லை, ஏனென்றால் பக்கத்தில் கடமை இருக்கிறதா அபராதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம். சாங்ஷனிலும் செய்ய வேண்டியது அதேதான்.

ஒரு வாக்கியத்துல பார்த்ததும் எந்த அர்த்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வினைச்சொல்லாக வந்தால் ஒரு கேள்வி போதும்: எது சாங்ஷன் செய்யப்பட்டது? ஒரு செயலோ பொருளோ திட்டமோ தொகையோ என்றால் ஒப்புதல். ஓர் ஆளோ நாடோ நிறுவனமோ என்றால் தண்டனை.

'தி கமிட்டி சாங்ஷன்டு தி பிராஜெக்ட்' என்றால் குழு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 'தி கமிட்டி சாங்ஷன்டு தி பிளேயர்' என்றால் குழு ஆட்டக்காரர் மீது நடவடிக்கை எடுத்தது. வாக்கிய அமைப்பு ஒன்றேதான், கடைசிச் சொல் மட்டும் மாறியிருக்கிறது. நாட்டுக்கு ஒப்புதல் கொடுப்பது என்று ஒன்று இல்லை, திட்டத்தைத் தண்டிப்பது என்றும் ஒன்று இல்லை. அதனால் அர்த்தம் தானாகவே ஒரு பக்கம் விழுந்துவிடும். அகராதியில் இரு பொருளையும் மனப்பாடம் செய்துவிட்டு வாக்கியத்தில் தடுமாறுவதைவிட, பக்கத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் ஆயிரம் மடங்கு மேல்.

இந்தச் சோதனைக்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. அது கீழே லீவு பற்றிய கேள்வியில் வரும்.

கடைசில 'எஸ்' சேர்ந்தா தடை, சேரலைன்னா அனுமதின்னு படிச்சேன். சரிதானே?

முக்கால்வாசி சரி. செய்திகளில் சாங்ஷன்ஸ் என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் பொருளாதாரத் தடைகள்தான். ஒப்புதல் என்ற பொருளில் இது பெரும்பாலும் பன்மை ஏற்காது. 'வித் தி சாங்ஷன் ஆஃப் தி கோர்ட்', அதாவது நீதிமன்றத்தின் ஒப்புதலோடு, என்று ஒருமையில்தான் வரும்.

மீதிக் கால்வாசியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 'எ சாங்ஷன்' என்று ஒருமையில் வந்தும் தண்டனையாக இருக்கலாம். 'தி சாங்ஷன் ஃபார் சீட்டிங் இஸ் எக்ஸ்பல்ஷன்' என்றால் காப்பியடித்தால் தண்டனை வெளியேற்றம். சட்டம், கல்வி, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய எழுத்தில் இது சகஜம். எதிர்ப்பக்கமும் உண்டு: அரசு அலுவலகக் கோப்புகளில் பல ஒப்புதல் ஆணைகளைச் சேர்த்து சாங்ஷன்ஸ் என்று எழுதுவதைப் பார்க்கலாம்.

ஆன், அகைன்ஸ்ட், ஃபார், டு: எது எப்போ வரும்?

தடை என்றால் 'இம்போஸ் சாங்ஷன்ஸ் ஆன்' அல்லது 'சாங்ஷன்ஸ் அகைன்ஸ்ட்'. இரண்டும் சரி. 'ஆன்' வந்தால் சுமத்துவது, 'அகைன்ஸ்ட்' வந்தால் எதிர்த்துச் செய்வது என்ற மெல்லிய வாடை தவிர வேறுபாடு இல்லை. கூட வருகிற வினைகளையும் சேர்த்தே படியுங்கள்: விதிப்பது இம்போஸ், இறுக்குவது டைட்டன், தளர்த்துவது ஈஸ், நீக்குவது லிஃப்ட். தடையை 'கிவ்' செய்ய முடியாது. இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள்.

ஒப்புதல் என்றால் 'கிவ் சாங்ஷன் டு', இன்ன காரியத்துக்கு ஒப்புதல் கொடுப்பது. கேட்டு வாங்குவதற்கு 'சாங்ஷன் ஃபார்' வரும். இந்திய அரசு ஆணைகளில் 'அக்கார்டு சாங்ஷன்' என்று ஒரு தொடர் உண்டு. வெளியே அதிகம் புழங்குவதில்லை, ஆனால் கோப்பு மொழியில் அதுதான் ராஜா. 'ஃபார்' இரு பொருளிலும் வருவதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

பர்மிஷன், அப்ரூவல், சாங்ஷன் மூணும் ஒண்ணுதானே? எதுக்கு மூணு வார்த்தை?

அர்த்தத்தின் பரப்பு ஒன்றுதான், எடைதான் வேறு. பர்மிஷன் யாரும் யாருக்கும் கொடுக்கலாம். குழந்தை அம்மாவிடம் கேட்பதும் பர்மிஷன்தான். அப்ரூவலில் ஒருவர் பார்த்து, எடைபோட்டு, சரி என்று சொன்னது தெரிகிறது. சாங்ஷனில் இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டமோ விதியோ பதவியோ நிற்கிறது. அந்த ஒப்புதல் இல்லாமல் செய்தால் காரியம் செல்லாது என்ற தொனியும் உண்டு.

அதனால் சாதாரண மின்னஞ்சலில் மேலதிகாரியிடம் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப 'சாங்ஷன்' கேட்டால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். பர்மிஷன் போதும். பணம், பதவி, சட்டம் மூன்றில் ஒன்று இருந்தால் சாங்ஷன் எடுபடும்.

இன்னொரு பயன்பாடும் உண்டு. மதமோ மரபோ ஒன்றை ஏற்றுக்கொள்கிறது என்பதையும் சாங்ஷன் என்பார்கள். 'சாங்ஷன்டு பை கஸ்டம்' என்றால் வழக்கம் ஏற்றுக்கொண்டது. இங்கே கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை, வழக்கமே அதிகாரம்.

லோன் சாங்ஷன் ஆயிடுச்சுன்னா பணம் வந்துடுச்சுன்னு அர்த்தமா?

இல்லை. சாங்ஷன் என்பது இன்ன தொகையை இன்ன நிபந்தனையில் தரச் சம்மதம் என்கிற முடிவு. பணம் கைக்கு வருவது டிஸ்பர்ஸ்மென்ட். இடையில் ஆவணங்கள் சரிபார்ப்பு, கையெழுத்து, அடமானம் என்று பல படிகள் இருக்கும். சாங்ஷன் கடிதத்துக்குக் காலக்கெடுவும் இருக்கும்.

சொல்லின் இயல்பே இதை விளக்கிவிடுகிறது. ஒப்புதல் என்ற பொருளில் சாங்ஷன் ஒரு முடிவை மட்டுமே குறிக்கும், நிறைவேற்றத்தை அல்ல. பாலம் கட்ட நிதி சாங்ஷன் ஆனது என்று செய்தி வந்தால் பாலம் வரப்போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். எப்போது என்பது வேறு கதை.

'சாங்ஷன்டு ஸ்ட்ரெங்த்'னா என்ன? அங்கே யாருக்கு யார் அனுமதி கொடுத்தாங்க?

ஓர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ எத்தனை பணியிடங்கள் இருக்கலாம் என்று அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட எண்ணிக்கை அது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் சாங்ஷன்டு ஸ்ட்ரெங்த் 2019இல் தலைமை நீதிபதியோடு சேர்த்து 34 ஆக உயர்த்தப்பட்டது. உண்மையில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பது 'வொர்க்கிங் ஸ்ட்ரெங்த்'. அது குறைவாக இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் காலியிடம். மின் இணைப்பில் வருகிற 'சாங்ஷன்டு லோட்' கூட இதே வகை: ஓர் இணைப்புக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட மின்பளு.

'சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்'னு படிச்சேன். வழக்கும் இருக்கு, சாங்ஷனும் இருக்கு. தண்டனைன்னுதானே எடுத்துக்கணும்?

அப்படித்தான் தோன்றும், ஆனால் ஒப்புதல்தான். அரசு ஊழியர் ஒருவர் மீது அவருடைய பணி தொடர்பான குற்றத்துக்கு வழக்கு நடத்த வேண்டுமென்றால், பல சமயம் உரிய அதிகாரி முன்கூட்டியே சம்மதம் தர வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டம் 1988இன் 19ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இதே போன்ற ஏற்பாடு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197ஆம் பிரிவாக இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 218ஆம் பிரிவு ஆகியிருக்கிறது.

மேலே சொன்ன சோதனையை இங்கே வைத்துப் பாருங்கள். சாங்ஷன் எதற்கு? வழக்குத் தொடர்தல் என்ற செயலுக்கு. செயல் என்றால் ஒப்புதல். ஆக 'சாங்ஷன் மறுக்கப்பட்டது' என்ற செய்தி அந்த ஊழியருக்கு நிம்மதி, கிடைத்தது என்றால் தலைவலி. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதை வைத்துச் சொல்லின் பொருளை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நாடுகள் மேல போடுற சாங்ஷன் எப்போ ஆரம்பிச்சது?

வணிகத்தை நிறுத்தி எதிரியைப் பணியவைக்கும் வழக்கம் மிகப் பழையது. அதற்கு இந்தச் சொல் நிலைத்தது முதல் உலகப்போருக்குப் பின் சர்வதேச சங்கம் வந்த காலத்தில். அதன் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, விதிமீறிப் போருக்குப் போகும் உறுப்பு நாட்டோடு மற்றவர்கள் வணிக, நிதி உறவுகளைத் துண்டிக்க வேண்டும் என்றது. சட்டத்தை மீறினால் தண்டனை என்ற ரோமானிய எண்ணம்தான், ஆளுக்குப் பதில் நாடு. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலி மீது இது பாய்ந்தது. ஆனால் பெட்ரோலியத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். 1936 மே மாதம் இத்தாலி எத்தியோப்பியாவை இணைத்துக்கொண்டது, ஜூலையில் தடைகளும் நீங்கின.

அடுத்து வந்த ஐ.நா. சாசனத்தின் 41ஆம் பிரிவு ஆயுதமில்லாத நடவடிக்கைகளைப் பேசுகிறது. வேடிக்கை என்னவென்றால், சாசனத்தில் சாங்ஷன் என்ற சொல்லே கிடையாது. 'மெஷர்ஸ்', அதாவது நடவடிக்கைகள், என்றுதான் இருக்கிறது. உலகமே அதை சாங்ஷன் என்று அழைக்கிறது. பாதுகாப்பு மன்றம் முதன்முதலாகக் கட்டாயத் தடை விதித்தது 1966இல், தெற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) மீது. 1977இல் தென்னாப்பிரிக்கா மீது ஆயுதத் தடை, 1990இல் குவைத்தைப் பிடித்த ஈராக் மீது ஏறக்குறைய முழுத் தடை. இந்தியாவும் இதற்கு விலக்கல்ல: 1998 மே மாத அணுச் சோதனைகளுக்குப் பிறகு அமெரிக்கா தடைகள் விதித்தது, 2001 செப்டம்பரில் அவற்றில் பெரும்பாலானவற்றை விலக்கிக்கொண்டது.

எம்பார்கோ, பேன், டாரிஃப், இதெல்லாமும் சாங்ஷன்தானா?

எம்பார்கோ என்பது வணிகத்தை நிறுத்துவது. ஆயுதம் மட்டும், எண்ணெய் மட்டும் என்றும் இருக்கலாம். அது சாங்ஷனின் ஒரு வகை. சொத்து முடக்கம், பயணத் தடை, வங்கிப் பரிமாற்றத் தடை ஆகியவை வேறு வகைகள். பேன் பொதுச்சொல், ஒரு மருந்தையோ ஒரு செயலியையோ தடைசெய்தாலும் பேன்தான், அதில் தண்டிக்கும் நோக்கம் இருக்க வேண்டியதில்லை.

டாரிஃப் என்பது இறக்குமதி வரி. பொருள் வரலாம், வரியைக் கட்டிவிட்டு வரட்டும் என்பது அது. அரசியல் கோபத்தில் வரியை ஏற்றும்போது பேச்சில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். எழுதும்போது பிரித்து எழுதுவது நல்லது. 'செகண்டரி சாங்ஷன்ஸ்' என்று ஒன்றும் அடிக்கடி காதில் விழும். தடை விதிக்கப்பட்ட நாட்டோடு வணிகம் செய்யும் மூன்றாம் தரப்பின் மீது பாய்வது அது.

'ஹி வாஸ் சாங்ஷன்டு லீவ்'னு எங்க ஆபீஸ்ல எழுதறாங்க. ஆள் மேல வந்தா தண்டனைன்னு சொன்னீங்களே?

இதுதான் நான் மேலே கடன் வைத்த விதிவிலக்கு. இந்த வாக்கியத்தில் இரண்டு செயப்படுபொருள்கள்: பெற்றவர் அவர், சாங்ஷன் ஆனது லீவு. 'அவருக்கு லீவு கொடுக்கப்பட்டது' என்பதன் அச்சு. ஆளுக்குப் பிறகு ஒரு தொகையோ லீவோ ஓய்வூதியமோ ஒட்டிக்கொண்டு வந்தால் ஒப்புதல் என்று கொள்ளுங்கள். இந்த அமைப்பு நம் பக்க ஆங்கிலத்தில் சகஜம். 'லீவ் வாஸ் சாங்ஷன்டு டு ஹிம்' என்று எழுதினால் எங்கும் குழப்பம் இராது.

ஏன் கவனம் தேவை என்றால், அந்த லீவை எடுத்துவிட்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும். 'ஹி வாஸ் சாங்ஷன்டு' என்று அதோடு நிறுத்தினால், அவர் தண்டிக்கப்பட்டார். பிரிட்டனில் வேலையில்லாதோர் உதவித்தொகை பெறுபவர் விதிகளைப் பின்பற்றவில்லையென்றால் தொகையைக் குறைப்பதையோ நிறுத்துவதையோ சாங்ஷன் என்றே சொல்கிறார்கள். அங்கே ஒருவர் 'ஐ காட் சாங்ஷன்டு' என்றால் பணம் நின்றுபோனது. இங்கே ஒருவர் பென்ஷன் சாங்ஷன் ஆயிற்று என்றால் பணம் வரத் தொடங்கப்போகிறது. இருவரும் சந்தித்துப் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டுச் செய்திகள்ல 'சாங்ஷன்டு டோர்னமென்ட்', 'சாங்ஷனிங் பாடி'ன்னு வருதே?

போட்டிக்கு அங்கீகாரம் என்று பொருள். குத்துச்சண்டையில் எந்தப் பந்தயம் பட்டத்துக்கானது என்று ஏற்கும் அமைப்புகளை சாங்ஷனிங் பாடி என்பார்கள். ஆனால் விளையாட்டு உலகம் இரு பொருளையும் ஒரே பக்கத்தில் பயன்படுத்தும். ஒழுங்கு விதிகளில் 'சாங்ஷன்' என்று தலைப்பிட்டு அதன்கீழ் அபராதம், ஆட்டத்தடை எல்லாம் வரும். போட்டி என்றால் அங்கீகாரம், ஆட்டக்காரர் என்றால் தண்டனை. அதே சோதனைதான்.

'அன்சாங்ஷன்டு', 'சாங்ஷனபிள்' ரெண்டுக்கும் அர்த்தம் என்ன? முன்னாடி பின்னாடி ஒட்டினா ரெண்டு அர்த்தமும் வருமா?

வராது, இங்கேதான் மொழி கொஞ்சம் கோணலாகப் போகிறது. அன்சாங்ஷன்டு என்றால் பொதுவாக ஒப்புதல் பெறாதது. தண்டிக்கப்படாதது என்ற பொருளில் அரிது. சாங்ஷனபிள் என்றால் பெரும்பாலும் தண்டனைக்குரியது. நீதிமன்ற எழுத்தில் 'சாங்ஷனபிள் கண்டக்ட்' என்றால் நடவடிக்கைக்குரிய நடத்தை. ஆக, முன்னொட்டு ஒப்புதல் பக்கம் சாய்கிறது, பின்னொட்டு தண்டனைப் பக்கம் சாய்கிறது. காரணம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம், இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

சமூகவியல் புத்தகத்துல 'பாசிட்டிவ் சாங்ஷன்'னு இருக்கு. நல்ல தண்டனையா?

நல்ல தண்டனை இல்லை, பாராட்டு. ஒருவரைச் சமூக நெறிக்குள் வைத்திருக்கச் சமூகம் பயன்படுத்தும் எதையும் சமூகவியல் சாங்ஷன் என்கிறது. புகழ், பரிசு, பதவி உயர்வு என்றால் பாசிட்டிவ். கேலி, ஒதுக்கிவைத்தல், சிறை என்றால் நெகட்டிவ். சட்டத்தின் மூலம் வந்தால் ஃபார்மல், முகச்சுளிப்பின் மூலம் வந்தால் இன்ஃபார்மல். முதல் பதிலில் நண்பரின் கோபம் சாங்ஷன் ஆகாது என்றேன். பேச்சுவழக்கில் அப்படித்தான், சமூகவியலில் அதுவும் சாங்ஷன்தான்.

இதற்கு முன்னோடி ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம். 1789இல் அவர் மனிதனைக் கட்டுப்படுத்துபவற்றை இயற்கை, அரசு, ஒழுக்கம், மதம் என நான்கு சாங்ஷன்களாகப் பிரித்தார். இன்பம், துன்பம் இரண்டுமே அவருக்கு சாங்ஷன்தான். பின்னால் வந்த சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் 1832இல் அதைக் குறுக்கி, கட்டளையை மீறினால் வரும் தீங்கு மட்டுமே சாங்ஷன் என்றார். சட்டம் படிப்பவர்கள் ஆஸ்டினைப் பிடித்துக்கொள்கிறார்கள், சமூகவியல் படிப்பவர்கள் பெந்தத்தின் பக்கம். தேர்வில் எந்தத் தாள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வரலாற்றுல 'பிராக்மாட்டிக் சாங்ஷன்'னு ஒண்ணு வருது. அது தடையா, அனுமதியா?

இரண்டும் இல்லை. அது பழைய பொருள்: ஆணை. 1713இல் புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸ், தனக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளுக்கே தன் நாடுகள் சேர வேண்டும் என்று பிறப்பித்தது அது. அவர் 1740இல் இறந்ததும் மகள் மரியா தெரசாவின் உரிமையை மற்றவர்கள் ஏற்க மறுக்க, எட்டு ஆண்டுகள் போர் நடந்தது. சொல் கிளைப்பதற்கு முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க இது வசதியான இடம்.

சாங்சுவரி, செயின்ட், இதுக்கெல்லாம் சாங்ஷனோட உறவு உண்டா?

உண்டு, நெருங்கிய உறவே. மீறக்கூடாதது, புனிதமானது என்ற அதே வேரிலிருந்து வந்தவை. புனிதர் செயின்ட். யாரும் புகுந்து பிடிக்கக்கூடாத இடம் சாங்சுவரி. பறவைகளுக்கும் அப்படியோர் இடம் உண்டு.

நானே எழுதும்போது 'தண்டிப்பது'ங்கிற அர்த்தத்துல வினைச்சொல்லா போடலாமா?

போடலாம். ஒப்புதல் என்ற வினைப்பொருள் 18ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது, தண்டித்தல் என்ற வினைப்பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதனால் பழைய நடைக்காரர்கள் சிலர் இதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. இன்று செய்தியிலும் அரசு அறிக்கையிலும் அது இயல்பாகிவிட்டது.

என்னைக் கேட்டால், சந்தேகம் வரும் இடத்தில் பெயர்ச்சொல்லுக்கு மாறிவிடுங்கள். 'இம்போஸ்டு சாங்ஷன்ஸ் ஆன்' என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது. ஒப்புதலுக்கு 'அப்ரூவ்டு' இருக்கவே இருக்கிறது. சொல் தெரியும் என்று காட்டுவதைவிட படிப்பவருக்குப் புரிவது முக்கியம்.

சோதனை வெச்சுப் பார்த்தும் ரெண்டு பக்கமும் பொருந்துற வாக்கியம் வந்தா என்ன செய்றது?

வரத்தான் செய்யும். 'கவர்ன்மென்ட் சாங்ஷன்டு பேங்க்ஸ்' என்ற தொடர் அரசு அங்கீகரித்த வங்கிகளாகவும் இருக்கலாம், அரசு தடைவிதித்த வங்கிகளாகவும் இருக்கலாம். தலைப்புச் செய்தியில் இது அடிக்கடி நேரும், ஏனென்றால் தலைப்பில் உதவிச் சொற்களை வெட்டிவிடுவார்கள். எழுத்தில் ஒரு தடயம் உண்டு: 'கவர்ன்மென்ட்' சொல்லுக்கும் 'சாங்ஷன்டு' சொல்லுக்கும் நடுவே இணைப்புக் கோடு இருந்தால் பெரும்பாலும் அங்கீகாரம். ஆனால் கோட்டை நம்பி முடிவெடுக்க முடியாது.

அப்போது செய்தியின் இரண்டாம், மூன்றாம் வரிக்குப் போங்கள். சொத்து முடக்கம், பட்டியல், மீறல், அபராதம் ஆகிய சொற்கள் வந்தால் தடை. நிதி, விண்ணப்பம், திட்டம், குழு என்று வந்தால் ஒப்புதல். மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் தலைப்பைக் கடைசியாக மொழிபெயர்ப்பதே உத்தமம்.

தமிழ்ல எழுதும்போது எந்தச் சொல் போடணும்?

தமிழ் நமக்கு ஒரு சௌகரியம் செய்கிறது: ஒரே சொல்லை வைத்துத் திண்டாட வேண்டியதில்லை. நாடுகள் விஷயத்தில் 'பொருளாதாரத் தடை', பயணமோ ஆயுதமோ என்றால் 'பயணத் தடை', 'ஆயுதத் தடை'. ஒழுங்கு நடவடிக்கையில் 'தண்டனை' அல்லது 'நடவடிக்கை'. கடன், நிதி, திட்டம் என்றால் 'ஒப்புதல்' அல்லது 'ஒப்பளிப்பு'. வழக்கு விஷயத்தில் 'அனுமதி' நன்றாக நிலைத்துவிட்டது. மரபு, மதம் என்றால் 'அங்கீகாரம்' அல்லது 'ஏற்பு'. பணியிடங்களுக்கு 'அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்'.

செய்யக்கூடாதது ஒன்றுதான். தடை பற்றிய கட்டுரையில் 'சாங்ஷன்' என்றே ஒலிபெயர்த்துப் போட்டுவிடுவது. தமிழ்ப் பேச்சில் அந்த ஒலி கடன் கிடைத்த மகிழ்ச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அந்த நாட்டுக்கு சாங்ஷன் ஆயிடுச்சு' என்று படிப்பவர் ஏதோ நிதியுதவி கிடைத்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

இதே மாதிரி நேரெதிர் அர்த்தம் உள்ள வேற ஆங்கில வார்த்தைகள் இருக்கா?

இருக்கின்றன. 'ஓவர்சைட்' என்றால் மேற்பார்வை, கவனக்குறைவால் விட்டுப்போனதும் ஓவர்சைட். 'டஸ்ட்' என்றால் தூசி தட்டுவது, கேக் மேல் சர்க்கரைத் தூள் தூவுவதும் டஸ்ட். 'க்ளீவ்' என்றால் பிளப்பது, ஒட்டிக்கொள்வதும் அதுவே. 'டேபிள்' என்ற வினை இன்னும் ஆபத்து: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்க ஆங்கிலத்தில் விவாதத்தை ஒத்திவைப்பது. இரு நாட்டவரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அந்த வினையைத் தவிர்த்துவிடுங்கள்.